ஏழாவது ரீலுக்கு அப்புறம் அஞ்சாவது ரீல்

தம்பி, தப்பா நினைக்காதீங்க. சாத்தூர்ல ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வாறேன். போன்ல படம் பாக்குறீங்க, சரி. ஆனா விரலை வச்சுத் தட்டித் தட்டிப் பத்துப் பத்து செகண்டாத் தாண்டிக்கிட்டே போறீங்களே, அது என்ன பழக்கம்? பாட்டு வந்தாத் தாண்டுறீங்க. ஒரு பொம்பளை அழுதா, தாண்டிட்டீங்க. இப்ப ஒருத்தன் செத்தான், அதையும் தாண்டிட்டீங்க. அவன் எதுக்குச் செத்தான்னு உங்களுக்குத் தெரியாது, கேக்கவும் ஆள் இல்ல. இதையே நாங்க கொட்டகையில ஒரு தடவை செஞ்சா மட்டும் சட்டையப் பிடிக்க வருவாங்க.

நிறுத்திட்டீங்களா? சும்மாதான் சொன்னேன். சரி, நிறுத்துனது நிறுத்துனதாவே இருக்கட்டும்.

நான் ஆபரேட்டர். முப்பத்தோரு வருசம் மங்கை டாக்கீஸ்ல மெஷின் ஓட்டுனவன். பெத்துராஜுன்னு சொன்னா அந்தக் காலத்து ஆளுக யாருக்கும் தெரியும். அந்த முப்பத்தோரு வருசத்துல ஒரு ரீலு நான் மாத்திப் போட்டதில்ல. அதை முதல்லயே சொல்லிக்கிறேன். பின்னால நான் வேற என்ன சொன்னாலும் இதை மனசுல வச்சுக்கங்க.

மதுரைக்குத்தான் போறேன். நாலு மணிக்கு ஒரு பதிப்பகத்துல கூட்டம். கூட்டம்னா மேடை மைக்கெல்லாம் கிடையாது, நாலு பேரு நாற்காலி போட்டுப் பேசுறது. என்னை யாரும் கூப்பிடல. கூப்பிடாமத்தான் போறேன். எங்க ஊர்ல மாரிக்கனின்னு ஒருத்தன், எழுத்தாளன், அவன் அங்க ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடப்போறான். அவன் போடுறதுக்கு முன்னால நான் போய்ச் சேரணும். இந்த டிரைவரைப் பாத்தா அப்படி ஒரு அவசரம் உள்ள ஆளாத் தெரியல.

மாரிக்கனியை நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ககனவேந்தன்? அதுவும் இல்லையா. உங்க அப்பாகிட்டக் கேளுங்க. மாச நாவல் எழுதுனவன். பஸ் ஸ்டாண்டுக் கடையில கயிறு கட்டிக் கிளிப்புல தொங்க விடுவாங்களே, அந்தப் புஸ்தகம். நிப்புக் கம்பெனியில வேலை அவனுக்கு. பகல் பூரா மெஷின்ல பேனா நிப்பு அடிப்பான், சாயங்காலம் வந்து அதே நிப்பை மாட்டி எழுத உக்காருவான். அறுபத்திரெண்டு நாவல் எழுதிட்டான். அம்புட்டும் இரும்பன் கதை.

இரும்பன்னா இரும்பு மனுசன். வயித்துக்குள்ள பாய்லரு. கருவேல விறகு போட்டுத் தண்ணி ஊத்துனா நடப்பான். கதை நடக்குறது ஆயிரத்தித் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல. வெள்ளைக்காரக் கலெக்டரு, குடுமி வச்ச குமாஸ்தா, குதிரை வண்டி எல்லாம் இருக்கும். ஆனா வானத்துல செம்புக் கப்பல் பறக்கும். சிவகாசியில வெடிமருந்து அடைச்சுச் சந்திரனுக்கு ராக்கெட்டு விடுவாங்க. பழைய காலத்துல நடக்குற எதிர்காலம்னு மாரிக்கனி அதுக்கு ஒரு விளக்கம் சொல்லுவான். எனக்கு அதெல்லாம் ஒத்து வராது. நடக்காததை எதுக்கு நடந்ததாச் சொல்லணும்?

ஆனாலும் ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன். ஒரு வருசம் வைப்பாத்துல பொட்டுத் தண்ணி இல்ல. மாரிக்கனி கதையிலயும் தண்ணி இல்லைன்னுட்டான். இரும்பன் பாய்லரு காஞ்சு ஆத்துப் பாலத்து மேல நின்ன எடத்துலயே நிக்கான், ரெண்டு மாசம், ரெண்டு நாவலு. நிப்புக் கம்பெனிப் பொம்பளைங்க அந்த வருசம் மழைக்கு வேண்டிக்கிட்டது ஆத்துக்கா, அவனுக்கான்னு எனக்குத் தெரியாது.

இப்ப விசயத்துக்கு வாறேன். அவனோட முத இரும்பன் நாவலை மதுரைப் பதிப்பகத்துக்காரரு ஒருத்தரு மறுபடி பெருசாப் போடுறேன்னாரு. கெட்டி அட்டை. மாரிக்கனிக்கு எழுபது வயசாச்சு, வாழ்க்கையில முத தடவையா அவன் புஸ்தகத்துக்குக் கெட்டி அட்டை. பலசரக்குக் கடையில நின்னு கூடச் சொன்னான். அந்த நேரம் பாத்து ஒரு படிச்ச பிள்ளை இன்டர்நெட்டுல எழுதிருச்சு, இந்த நாவலு ஒரு இங்கிலீஷ் படத்தைப் பாத்து அடிச்ச காப்பின்னு. அங்கயும் ஆகாயக் கப்பல், இங்கயும் ஆகாயக் கப்பல். அங்கயும் இரும்பாளு, இங்கயும் இரும்பாளு. அங்கயும் கண்ணாடித் தீவு, இங்கயும் கண்ணாடித் தீவு. வரிசையாப் போட்டுப் பக்கத்துப் பக்கத்துல படம் ஒட்டிக் காட்டிருக்கு. பதிப்பகத்துக்காரரு பயந்துட்டாரு. புஸ்தகத்தைப் போடுறேன், ஆனா அட்டையில தலைப்புக்குக் கீழ 'தழுவல்'னு போட்டுருவோம், நீங்க சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னாரு.

மாரிக்கனி சரின்னுட்டான். அதுலதான் தம்பி எனக்கு வயிறு எரியுது. எழுதுன ஆளே சரின்னுட்டான்.

படம் பாத்தானான்னா, பாத்தான். யாரு இல்லைன்னா? என் கொட்டகையிலதான் பாத்தான், பெஞ்சு டிக்கெட்டுல. நான்தான் ஓட்டுனேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். ஆகாயக் கப்பல் என்ன, ஒரே ஆளுக்குப் பட்டா போட்டுக் குடுத்ததா? வெள்ளைக்காரன் கப்பலு மேகத்துக்குள்ள போச்சு, வந்துச்சு, அம்புட்டுத்தான். மாரிக்கனி கப்பலு எங்க ஊரு ஜின்னிங் மில்லுப் புகைக்கூண்டுல வடம் போட்டுக் கட்டிக் கெடந்துச்சு. மில்லு முதலாளி அதுக்கு வாடகை கேட்டாரு. கப்பல் கேப்டனும் முதலாளியும் ஒம்பது பக்கம் சண்டை போட்டாங்க. அந்தச் சண்டை எந்த இங்கிலீஷ் படத்துல இருக்கு? படம் ஒண்ணே முக்கா மணி நேரம் ஓடுச்சு. இவன் முப்பது வருசம் எழுதுனான். பெரிய பெரிய படிப்புப் படிச்ச பிள்ளைக்கு இந்தக் கணக்குப் புரியலையே.

விருதுநகர் வந்துருச்சு. கடலை வாங்கட்டுமா? வேண்டாம்னா விடுங்க. எனக்கும் பல்லு இல்ல.

ஆனா நான் பேசப் போறது அது இல்ல. கப்பல், தீவு, அதெல்லாம் எடுத்துக்கிட்டதாவே இருக்கட்டும். ஒரே ஒரு விசயம் இருக்கு. படத்துல இரும்பாளு வில்லனோட வேலைக்காரன். கடைசியில கப்பல்ல இருந்து கடல்ல விழுந்து செத்துப் போறான். தீந்துச்சு. மாரிக்கனியோட இரும்பன் செத்த பின்னாலதான் கதையே ஆரம்பிக்கும். கடல்ல விழுந்து செத்தவன் எந்திரிச்சு வாறான். வந்து வேற ஆளா வாறான். பழைய முதலாளிக்குச் சலாம் போடுறதில்ல, ஒரு சின்னப் பிள்ளைக்குக் குடை பிடிக்கான், செடிக்குத் தண்ணி ஊத்துறான். ஒவ்வொரு நாவல்லயும் முதல்ல சாவு, அப்புறந்தான் வாழ்க்கை. ஜனங்க படிச்சது அதுக்குத்தான். புருசன் செத்த பொம்பளைங்க, மில்லுல வேலை போனவங்க, பரீட்சையில போனவங்க எல்லாம் அவனுக்குக் கார்டு எழுதுவாங்க. இரும்பன் எந்திரிச்ச மாதிரி நானும் எந்திரிச்சேன்னு எழுதுவாங்க. நானே மூட்டையாப் பாத்திருக்கேன்.

அந்த எந்திரிச்சு வர்றது படத்துல இல்ல. படத்துல இல்லாததை மாரிக்கனி எங்க பாத்தான்? எங்க கொட்டகையில பாத்தான். ஏன்னா அன்னைக்கு எங்க கொட்டகையில ரீலு மாறிப் போச்சு.

மாத்துனது நான் இல்ல. என் மச்சான் காளிராஜு. என் வீட்டுக்காரி சீனியம்மாவுக்கு அண்ணன். அவரும் அங்க ரெண்டாவது ஆபரேட்டரா இருந்தாரு. அவரே ஒத்துக்கிட்டாரு, ஊருக்கே தெரியும். மதுரையில அதைத்தான் சொல்லப்போறேன். ஐயா, எங்க மச்சான் ஏழாவது ரீலை முன்னால போட்டுட்டாரு, அதனால மாரிக்கனி பாத்தது அந்தப் படமே இல்ல, வேற படம், அவன் எழுதுனது தழுவலும் இல்லைன்னு.

வீட்டுல இருந்து கிளம்பும்போது சீனியம்மா தண்ணி குடுத்தா. குடுத்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னா, "எங்க அண்ணன் பேரை அங்க எடுக்காதீங்க." அவ எப்பவுமே அப்படித்தான். பேச்சுக் கம்மி. முன்னால நல்லாப் பேசுவா, நாப்பது வருசமாக் கம்மி.

ஆபரேட்டருக்குன்னு ஒரு ஒழுக்கம் இருக்கு தம்பி. படம் பாக்கக் கூடாது. சிரிக்காதீங்க. ஒரு ரீலு முடியப் போகுதுன்னா திரையோட மேல் மூலையில ஒரு புள்ளி வரும். கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள போயிரும். அந்தப் புள்ளியைப் பாத்ததும் ரெண்டாவது மெஷினை ஓட விடணும், அடுத்த புள்ளிக்கு வெளிச்சத்தை மாத்தணும். அதனால ஆபரேட்டர் கண்ணு மூலையிலதான் இருக்கணும். படம் நடுவுல ஓடும், அழுவாங்க, ஆடுவாங்க, கத்திச்சண்டை போடுவாங்க, நமக்கு அது தேவையில்ல. முப்பத்தோரு வருசம் நான் மூலையைத்தான் பாத்தேன். ஊரே பைத்தியமா அலைஞ்ச படமெல்லாம் நான்தான் ஓட்டுனேன், ஒண்ணுக்கும் எனக்குக் கதை தெரியாது. கல்யாணம் முடிஞ்ச புதுசுல சீனியம்மா கேப்பா, நேத்து அந்தப் பொண்ணு கடைசியில சேந்தாளா இல்லையான்னு. எனக்கு எப்படித் தெரியும்?

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை காலைக் காட்சி. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் இங்கிலீஷ் படம் போடுவோம், ஒரே காட்சி. மறுநாளு பெட்டி வேற ஊருக்குப் போயிரும். ஒரிஜினல் பேரை யாரும் வாசிக்க மாட்டாங்கன்னு முதலாளியே தமிழ்ல ஒரு பேரு வச்சு போஸ்டர் அடிப்பாரு. அதுக்கு வச்ச பேரு 'ஆகாயக் கப்பலில் அதிசய மனிதன்'. எட்டுப் பெரிய ரீலு. பத்து ஊரு சுத்திக் கிழிஞ்சு வந்த பிரிண்டு. ரீலு முன்னால நம்பர் போட்ட பிலிம் இருக்கும், அது ஒண்ணுலயும் இல்ல, பிஞ்சு போச்சு. நாங்களே ஓட்டிப் பாத்து, சாக்பீஸ்ல நம்பர் எழுதி, பலகையில வரிசையா அடுக்கிருந்தோம். நான்தான் அடுக்குனேன். சரியாத்தான் அடுக்குனேன்.

நாலாவது ரீலு ஓடுது. மச்சான் ஓடுற மெஷினு கார்பனைப் பாத்துக்கிட்டு நிக்காரு. வெளிச்சத்துக்கு எரியுற கார்பன் குச்சியை விட்டுக் கண்ணை எடுத்தா திரை மஞ்சளாயிரும். நான் மத்த மெஷினுக்கு அடுத்த ரீலை மாட்டணும். அப்பத்தான் அந்தக் கப்பலு மேகத்துல இருந்து வெளிய வருது. தம்பி, அது எப்படின்னு சொல்றது. செம்புன்னா செம்பு, விளக்கி வச்ச குத்துவிளக்கு மாதிரி. அடியில நூறு சன்னலு. ஒவ்வொரு சன்னல்லயும் விளக்கு, ஒவ்வொரு விளக்குலயும் ஒரு ஆளு. கீழ பழைய ஊரு, குதிரை வண்டி, தொப்பி போட்ட ஜனம் அண்ணாந்து பாக்குது. நெசமா அந்தக் காலத்துல அப்படி ஒண்ணு இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு தோணுச்சு. எனக்குத் தோணுச்சு. சுவத்து ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டே கையைப் பின்னால விட்டு ரீலை எடுத்தேன். மச்சான் கேட்டாரு, "மாப்ள, அது அஞ்சுதானா?" எனக்குத் தெரியும் மச்சான்னு சொல்லி மாட்டுனேன்.

என்ன பாக்குறீங்க?

மாட்டுனது அவருன்னு சொன்னேன், இப்ப என் கைன்னு வருதே, அதானே. இருங்க. முழுசாக் கேளுங்க. நீங்க இதையும் தாண்டிப் பாக்க நினைக்காதீங்க.

ஓட விட்டா, இரும்பாளு கப்பல் விளிம்புல தொங்குறான். கம்பி ஒவ்வொண்ணா அறுபடுது. விழுந்துட்டான். கடல் மூடிருச்சு. குமிழி வருது. இது ஏழு. மச்சான் என்னைப் பாக்காரு, நான் அவரைப் பாக்கேன். கீழ ஒரு சத்தம் இல்ல. யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, மாறிப் போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஏழு ஓடி முடியப் போகுது. அடுத்து என்ன போடுறது? நேரா எட்டைப் போட்டு முடிச்சுவிட்டிருக்கலாம். படம் சின்னதாப் போச்சேன்னு நாலு பேரு முணுமுணுத்துட்டுப் போயிருப்பாங்க. மச்சான் அதைத்தான் சொன்னாரு, "எட்டைப் போட்டு விடு மாப்ள." நான் போடல. அஞ்சை எடுத்து மாட்டுனேன். அதுல இரும்பாளு இருக்கான்னு எனக்குத் தெரியும், காலையில ஓட்டிப் பாக்கும்போது இரும்புக் கையில ஒரு குடை தெரிஞ்சுச்சு. அது மாறிப் போனது இல்ல தம்பி. அதை நான் தெரிஞ்சு போட்டேன்.

திரையில ஒரு தோட்டம். ஒரு சின்னப் பிள்ளை நடந்து போகுது. பின்னால யாரோ குடை பிடிச்சு வாறாங்க, கால் மட்டும் தெரியுது, இரும்புக் கால். அப்படியே கேமரா மேல போகுது. அவன்தான். முழுசா நிக்கான். செத்தவன்.

கொட்டகை எந்திரிச்சுருச்சு. பெஞ்சு, தரை, சேரு, பொம்பளைங்க பக்கம், எல்லாம். அப்படி ஒரு விசிலு அதுக்கு முன்னாலயும் கேக்கல, பின்னாலயும் கேக்கல. கூரையில இருந்து புறா பறந்துச்சு. இங்கிலீஷ் படத்துக்கு, காலைக் காட்சியில. நான் ஓட்டையில கண்ணை வச்சவன் எடுக்கல. மூலையில புள்ளி வந்து போனதைப் பாக்கல. மச்சான்தான் ஆறுக்கு மாத்துனாரு.

அப்புறம் எட்டு. எட்டுல இரும்பாளு கிடையாது, அவன்தான் ஏழுலயே செத்தாச்சே. ஜனங்களுக்கு அது தெரியாதுல்ல. எங்க போனான், எங்க போனான்னு பேசிக்கிட்டே வெளிய போனாங்க.

ஒரு பேங்கு மானேஜரு வந்திருந்தாரு, வெளியூருக்காரரு. மெட்ராஸ்ல ஏற்கனவே அந்தப் படத்தைப் பாத்தவராம். நேரா முதலாளியைக் கூட்டிக்கிட்டு மெஷின் ரூமுக்கு வந்துட்டாரு. ரீலை மாத்திப் போட்டது யாருன்னு முதலாளி கேட்டாரு. லைசென்ஸ் என் பேர்ல. என் லைசென்ஸ் போனா மெஷினை எவனும் தொட முடியாது, மச்சானுக்கு லைசென்ஸ் கிடையாது. அப்ப சீனியம்மாவுக்கு ஏழாவது மாசம். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள மச்சான் சொல்லிட்டாரு, "நான்தான் போட்டேன்." முதலாளி அந்த எடத்துலயே போகச் சொல்லிட்டாரு. மச்சான் கார்பன் கரியைக் கைலியில தொடைச்சுட்டுப் படி இறங்கிட்டாரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள சொல்லிட்டாரு தம்பி. அதுக்கு நான் என்ன செய்யமுடியும்?

அப்புறம் திறந்திருக்கலாம்னு சொல்லுவீங்க. சீனியம்மாவும் ஒரு தடவை சொன்னா. பிள்ளை பிறந்த அன்னைக்குச் சொன்னா.

மச்சான் சிவகாசிக்குப் போயிட்டாரு, ஒரு ஆப்செட் பிரஸ்ஸுக்கு. நல்லாத்தான் இருக்காரு. எங்க மக கல்யாணத்துக்கு வந்தாரு, தாய்மாமன் சீரெல்லாம் குறையில்லாமச் செஞ்சாரு. பந்தியில மட்டும் உக்காரல.

அவரு போன பின்னால நான் மெஷின் ரூம்ல ஒத்தையில இருக்கேன். கதவைத் தட்டி ஒருத்தன் வந்தான். ஒல்லியா, விரல் பூரா நிப்புக் கம்பெனி எண்ணெய். மாரிக்கனி. அதுவரைக்கும் எனக்கு அவனைத் தெரியாது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, ஒரே சந்தேகம். செத்துப் போனவன் எப்படிண்ணே திரும்பி வந்தான்?" கேலி பண்றானோன்னு பாத்தேன். இல்ல. கண்ணு தண்ணியா நிக்குது. அவங்க அம்மா செத்து அப்பப் பதினாறு நாளுதான் ஆகிருந்துச்சாம். நான் எரிச்சல்ல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "விழுந்தது வில்லனோட வேலைக்காரன்டா. எந்திரிச்சது அவன் இல்ல, வேற ஆளு. உள்ள இருந்த தீ அணைஞ்சு, மறுபடி பத்துனா அதே தீயா இருக்குமா?" போனாப் போதும்னு சொன்னது. அவன் நின்னான். "கடைசியில காணோமே, எங்கண்ணே போனான்?" எனக்கு எப்படிறா தெரியும், நடந்து எங்கயாவது போயிருப்பான், தூத்துக்குடிக்கு வந்திருப்பான், போடான்னேன்.

முத நாவலு அப்படித்தான் ஆரம்பிக்கும். தூத்துக்குடிக் கடற்கரையில ஒரு விடியக்காலம். உப்பளத்துப் பொம்பளைங்க பாக்காங்க, கடலுக்குள்ள இருந்து ஒரு இரும்பு மனுசன் நடந்து வாறான். மேலெல்லாம் பாசி.

நான் எதுவும் சொல்லிக் குடுக்கலைங்க. அதையும் சொல்லிக்கிறேன். நாளைக்கு எவனாவது ஆபரேட்டரு கதைன்னு கிளம்பிறக் கூடாது. எரிச்சல்ல நூறு பேருகிட்ட நூறு சொல்லிருக்கேன், எவனும் அறுபத்திரெண்டு நாவலு எழுதல.

திருமங்கலம் தாண்டிட்டோமா? மணி என்ன? சரி, இருக்கு நேரம்.

போன வாரம் மாரிக்கனி என் வீட்டுக்கு வந்தான். அவன் பேத்தி போன்ல முழுப் படத்தையும் எடுத்துக் குடுத்திருக்கா. நாப்பது வருசத்துக்கு அப்புறம் பாத்திருக்கான், வரிசையா, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும். வந்து நாற்காலியில உக்காந்தவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "அண்ணே, அவன் வரவே இல்லண்ணே. விழுந்தவன் விழுந்தவன்தான். கடலுக்குள்ளயே கெடக்கான்." நான் தண்ணி எடுத்து நீட்டுனேன், வாங்காமச் சொன்னான், "அன்னைக்கு நான் பாத்தேனே, குடை பிடிச்சுக்கிட்டு வந்தானே. அது எப்பவோ முன்னால வர்ற சீனாம்ணே. அப்ப அம்மா செத்த துக்கத்துல எனக்குப் புத்தி மாறிப் போச்சா? வராதவனை வந்தான்னு எழுதி அம்புட்டுப் பேரையும் ஏமாத்திட்டேனா? தழுவல்னே போட்டுக்கிறட்டும்ணே. தப்பாப் பாத்தவனுக்கு அதுவே ஜாஸ்தி."

அப்பவாவது நான் சொல்லிருக்கணும். சொல்லல. பிரிண்டு அப்படி இருந்திருக்கும்டான்னு சொன்னேன். அடுப்படியில இருந்து சீனியம்மா எட்டிப் பாத்தா. பாத்துட்டு உள்ள போயிட்டா.

அவன் தப்பாப் பாக்கல தம்பி. அந்தக் கொட்டகையிலயே சரியாப் பாத்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் பாத்த படத்துல செத்தவன் எந்திரிச்சான். நான் எந்திரிக்க வச்சேன். என் கண்ணால பாத்தேன். அதைப் போய் இல்லைன்னு எவன் சொன்னாலும் விடமாட்டேன், அவனே சொன்னாலும் விடமாட்டேன்.

இந்தப் பையை ஒரு கை பிடிங்க. உள்ள ஒரு நோட்டு இருக்கும், காக்கி அட்டை. எடுங்க. பாத்து, தாளு ஒடியும். ஆபரேட்டரு நோட்டு. ஒவ்வொரு காட்சிக்கும் எந்த ரீலு எந்த வரிசையில ஓடுச்சு, எங்க எங்க ஒட்டுப் போட்டோம், எந்தக் கை மாட்டுச்சுன்னு எழுதணும். பிலிம் கிழிஞ்சா விநியோகஸ்தருக்குப் பதில் சொல்லணும்ல, அதுக்கு. முதலாளி அதைத் திறந்தே பாத்ததில்ல. ஆனா அதுல பொய் எழுதக் கூடாது, அது ஒரு கணக்கு எனக்கு. கொட்டகையை இடிக்கும்போது இதை மட்டும் எடுத்துட்டு வந்தேன். டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில இருந்துச்சு. சீனியம்மா படிச்சிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. படிச்சிருப்பா.

எனக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆகிருக்கு, நீங்களே படிங்க. நூலு கட்டி அடையாளம் வச்சிருக்கேன் பாருங்க, அந்தப் பக்கம். சத்தமாப் படிங்க. பஸ்ல கேட்டாக் கேக்கட்டும்.

"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஏழு, ஐந்து, ஆறு, எட்டு." ஆமா. அடுத்த வரி.

"மாட்டிய கை, பெத்துராஜ்." ம். அதுக்குக் கீழ சின்னதா ஒண்ணு இருக்கும்.

"படம் பார்த்துவிட்டேன்."

இன்னொரு தடவை படிங்க.

போதும். குடுங்க. உண்மையைச் சொன்னா எனக்கு அது மனப்பாடம். கண்ணாடி வேண்டாம், நோட்டே வேண்டாம். அடுத்த ஆளு வாயில கேக்க எப்படி இருக்குன்னு பாத்தேன். ஒருத்தர்கிட்டயும் இதைக் காட்டுனதில்ல. பரவாயில்ல, கேக்கலாம் போலத்தான் இருக்கு.

தப்புன்னு அதுல எங்கயாவது எழுதிருக்கா? நீங்கதானே படிச்சீங்க, சொல்லுங்க. இல்லைல்ல. ஏழு மாறிப் போனது என் கண்ணால. அதுக்கு அப்புறம் அஞ்சைப் போட்டது என் இஷ்டம். அங்க போயி இதை அப்படியே மேசையில விரிச்சு வைப்பேன். ஐயா, இந்த வரிசையில ஓடுன படம் உலகத்துலயே ஒரு ஊர்ல, ஒரு காட்சிதான் ஓடுச்சு. அதைத் தழுவுனான்னு சொல்றதா இருந்தா அந்தப் படம் எங்க இருக்குன்னு காட்டுங்க, நாங்களும் பாக்குறோம்னு கேப்பேன். மாரிக்கனி கையில இருந்து பேனாவைப் பிடுங்கிருவேன். மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டேன். அவன்கிட்ட எனக்கு மன்னிப்புக் கேக்க ஒண்ணும் இல்ல.

மாட்டுத்தாவணி வந்துருச்சு. பையைக் குடுங்க. நீங்க மெதுவா இறங்குங்க.

மன்னிப்புக் கேக்க வேண்டிய எடம் ஒண்ணு இருக்கு. அது சிவகாசிப் பஸ்ஸு. நாளைக்குக் காலையில சீனியம்மாவையும் கூட்டிக்கிட்டு ஏறணும். மச்சான் என்கூடப் பந்தியில உக்காந்தாத்தான் திரும்புறதுன்னு இருக்கேன்.